சின்ன ட்ரோனும் காட்டு யானையும்: கல்லோயா, குமண போகிறவர்களுக்கு நான்கு வழிகள்

"அண்ணன், என்னட்ட இருக்கிறது மினி ட்ரோன்தான். 249 கிராம். அதுக்கும் பெர்மிட் வேணுமா?"

கல்முனையில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கல்லோயா தேசியப் பூங்காவின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவு விட்டுத் தீவுக்கு நீந்துவதை மேலே இருந்து எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதே வாரத்தில் மட்டக்களப்பிலிருந்து இன்னொருவர், குமண தேசியப் பூங்காவில் நாரைகள் கூடு கட்டும் காலத்தில் ட்ரோன் கொண்டுபோகலாமா என்று கேட்டார். மூன்றாவதாகக் கேட்டவர் ஒரு அக்கா. உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமம் போகும் பாத யாத்திரையை வானத்திலிருந்து எடுக்க அவருக்கு விருப்பம்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதத் தொடங்கினேன். சொல்ல வேண்டியவை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 249 கிராம் கணக்கு

249 என்ற எண் நம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து வந்ததில்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோன்களுக்குச் சில சலுகைகள் உண்டு. அந்தக் கோட்டுக்குள் நிற்பதற்காகவே கம்பனிகள் எடையை ஒரு கிராம் குறைத்து வைக்கின்றன. இலங்கையில் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை வைத்திருக்கும் கோடு 200 கிராம். அதற்கு மேல் என்றால் பதிவு வேண்டும். ஆகவே தம்பியின் மினி இங்கே பதிவு செய்ய வேண்டிய ட்ரோன்தான்.

தேசியப் பூங்கா என்று வந்துவிட்டால் எடைக் கணக்கே கிடையாது. 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எழுதப்பட்டபோது இன்றைய சின்ன ட்ரோன்கள் கிடையாது. ஆனாலும் பூங்காவுக்குள் காட்டு விலங்குக்குத் தொந்தரவு தரும், அல்லது தரக்கூடிய எந்தச் செயலையும் அது தடுக்கிறது. இனப்பெருக்கம் செய்யும் இடத்தைக் குழப்புவதையும் தடுக்கிறது. தொந்தரவு தருவது 249 கிராமா, 2 கிலோவா என்று சட்டம் பார்ப்பதில்லை. இது நம் நாட்டில் மட்டும் உள்ள கெடுபிடியும் இல்லை. அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவை தன் பூங்காக்கள் எல்லாவற்றிலும் 2014இலேயே ட்ரோனைத் தடுத்துவிட்டது.

ட்ரோனை இயக்கும் ஆப்பைத் திறந்தால் வரைபடத்தில் சிவப்பு வட்டம் ஒன்றும் தெரியவில்லையே என்று சிலர் சொல்வார்கள். அந்த வரைபடம் பெரும்பாலும் விமானநிலையங்களை வைத்து வரையப்பட்டது. அதில் பச்சை காட்டுவது வனசீவராசிகள் திணைக்களம் தந்த அனுமதி ஆகாது.

எதை வைத்து ஒப்பிடுகிறேன்

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். சட்டப்படி எத்தனை அலுவலகங்களைத் தாண்ட வேண்டும்? கையிலிருந்து போகும் பணமும் நாட்களும் எவ்வளவு, குறிப்பாக முதலில் கண்ணில் படாத செலவு எது? விலங்குக்கு என்ன ஆகும்? பக்கத்தில் வாழும் சனத்துக்கு என்ன ஆகும்? கடைசியாக, நினைத்த படம் உண்மையிலேயே கிடைக்குமா?

இவற்றில் நான்காவதை யாரும் கேட்பதில்லை. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வருகிறவர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

நேரமில்லாதவர்களுக்கு ஒரு சுருக்கம்:

| வழி | அனுமதி | மறைந்திருக்கும் செலவு | விலங்குக்கும் சனத்துக்கும் | யாருக்கு |
|---|---|---|---|---|
| அனுமதியோடு பூங்காவுக்குள் | திணைக்களம், விமான அதிகாரசபை இரண்டும் | கொழும்புப் பயணங்கள், காத்திருப்பு, காற்று | கட்டுப்பாட்டோடு செய்தால் குறைவு | ஆய்வு, ஆவணப்பட வேலை |
| எல்லைக்கு வெளியே நின்று | பதிவு வேண்டும். பூங்காவின் மேல் போனால் தவறு | யானை ஊருக்குள் திரும்புவது | மிக அதிகம் | யாருக்கும் இல்லை |
| ட்ரோன் இல்லாமல் படகும் லென்ஸும் | நுழைவுச்சீட்டு | லென்ஸ் வாடகை, அதிகாலைப் பயணம் | மிகக் குறைவு | பெரும்பாலானவர்களுக்கு |
| களப்பு, கடல், வயல் மேல் ட்ரோன் | பதிவு, பறக்கும் விதிகள் | உப்புக்காற்று, தண்ணீரில் விழுவது | குறைவு | ட்ரோனை விட மனமில்லாதவர்களுக்கு |

வழி ஒன்று: அனுமதி எடுத்துப் பூங்காவுக்குள்

வாசலில் நிற்கும் உத்தியோகத்தர் "சரி, கொஞ்ச நேரம் விடுங்க" என்று வாய்ச்சொல்லில் தரக்கூடிய அனுமதி இல்லை இது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதன் தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபை கட்டுநாயக்கவில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலேறிப் போய், ஒரே நாளில் இரண்டையும் முடித்து வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எதற்காக எடுக்கிறீர்கள், எந்த இடம், எந்த நாள், எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். "சும்மா ஆசைக்கு" என்பது நல்ல காரணமாக எடுபடாது.

அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. நம் பக்கத்தில் பல ட்ரோன்கள் கட்டாரிலிருந்தோ டுபாயிலிருந்தோ மச்சான்மார் கொண்டுவந்தவை. ட்ரோனை நாட்டுக்குள் கொண்டுவரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும், வானலைக் கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியும் தேவை. அந்தக் கடதாசி இல்லாமல் வந்த ட்ரோனுக்குப் பிறகு பதிவு எடுப்பது பெரும்பாடு. 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது நிறுத்தப்பட்டதும் நினைவிருக்கும். ஏன் இந்த விஷயத்தில் கெடுபிடி என்று மட்டக்களப்பு ஆட்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் கிடைத்துப் போனாலும் அன்றைய காற்று உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டும். கல்லோயாவில் யானைகள் நீர்க்கரைக்கு நன்றாக வருவது வெயில் ஏறிய மாதங்களில். அதே காலத்தில்தான் கச்சான் காற்றும் வீசத் தொடங்கும். மத்தியானத்துக்குப் பிறகு திறந்த நீர்ப்பரப்பின் மேல் சின்ன ட்ரோன் தள்ளாடும். பெட்டியில் 30 நிமிடத்துக்கு மேல் பறக்கும் என்று எழுதியிருக்கும், எதிர்க்காற்றில் திரும்பி வரும்போது பெட்டரி கண்முன்னே இறங்கும். சமுத்திரத்தில் விழுந்தால் அது போனதுதான். காய்ந்த புல்லில் விழுந்து லித்தியம் பெட்டரி உடைந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

குமணவுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே வில்லுக் குளத்தைச் சுற்றிய கண்டல் மரங்களில் பறவைகள் கூடு கட்டுவது பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில். நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் ஒரே மரக்கூட்டத்தில் நெருக்கமாக இருக்கும். 2021 மே மாதம் கலிபோர்னியாவின் பொல்சா சிக்கா என்ற இடத்தில் தடையை மீறிப் பறந்த ஒரு ட்ரோன் ஆலா என்ற கடற்பறவைகள் கூடு கட்டியிருந்த திட்டில் விழுந்தது. ஆயிரக்கணக்கான பறவைகள் எழும்பிப் போயின. 1,500க்குக் குறையாத முட்டைகள் மணலில் அப்படியே கைவிடப்பட்டுக் கிடந்தன. ஒரே ஒரு ட்ரோன், ஒரே ஒரு தடவை. நாரைக் கூடு பற்றிக் கேட்டவருக்கு என் பதில் இதுதான்: அனுமதி கிடைத்தாலும் அந்த மாதங்களில் கூட்டு மரங்களின் மேல் விடாதீர்கள்.

பல்கலைக்கழக ஆய்வு, பறவைக் கணக்கெடுப்பு, திணைக்களமே பங்கெடுக்கும் ஆவணப்படம் போன்றவற்றுக்கு இந்த வழி சரி. அங்கே கூடவே ஒரு அதிகாரி நிற்பார். எந்த உயரம், எந்தத் தூரம் என்று முன்பே முடிவாகியிருக்கும். தனி ஆளாக ஒரு நிமிட வீடியோவுக்காக இந்தப் பாதையில் இறங்குவது பொருத்தமாக எனக்குத் தெரியவில்லை.

வழி இரண்டு: எல்லைக்கு வெளியே நின்று

இதுதான் ஆசை காட்டும் வழி. "நான் பூங்காவுக்குள்ள போகவே இல்லையே, ரோட்டிலதானே நிக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். லகுகல தேசியப் பூங்காவைப் பாருங்கள். பொத்துவிலிலிருந்து மொனராகலை போகும் வீதி குளத்தை ஒட்டியே போகிறது. பூங்கா முழுவதுமே 1,554 ஹெக்டேயர்தான், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. வீதியோரம் நின்று மினியை ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் அது ஒரு கிலோமீற்றர் உள்ளே போய்விடும். குளத்துப் புல்லை மேய வந்த யானைக் கூட்டத்தின் தலைக்கு மேல் அது நிற்கும். உங்கள் கால் எங்கே நின்றால் என்ன, தொந்தரவு நடப்பது பூங்காவுக்குள்.

சட்டத்தை விடுங்கள். இந்த வழியை நான் கைவிட்டதற்குக் காரணம் வேறு.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆடி மாதம். மட்டக்களப்பின் மேற்குப் பக்கம் ஒரு குளக்கட்டில் நின்று, வயலைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். சிறுபோக வேளாண்மை கதிர் முற்றி நின்ற நேரம். குளத்தின் மறுகரையில் ஒரு பெண் யானையும் குட்டியும் இருப்பதைத் திரையில்தான் முதலில் கண்டேன். கொஞ்சம் கிட்டப் போவோம் என்று தள்ளினேன். யானை மேயாமல் நின்றது. காது இரண்டும் விரிந்தன. தும்பிக்கை நுனி மேலே எழும்பி, ட்ரோன் இருந்த பக்கம் திரும்பியது. குட்டியைக் காலுக்கிடையில் தள்ளிக்கொண்டது. மண்ணை அள்ளி முதுகில் எறிந்தது. எனக்கு அது அழகான காட்சியாகத்தான் பட்டது.

பின்னால் காவல் பரணிலிருந்து ஒரு ஐயா இறங்கி வந்தார். கோபப்படவில்லை. "தம்பி, அதை இறக்குங்க. இப்ப இவள் வெருண்டாள் எண்டா நேரே எங்கட வட்டைக்குள்ளதான் இறங்குவாள். ராவைக்குக் காவல் நிக்கிறது நாங்கதானே" என்றார்.

இறக்கிவிட்டேன். அந்த யானை அதற்குப் பிறகும் அரை மணித்தியாலத்துக்கு மேல் மின்வேலி ஓரமாக இங்கும் அங்கும் நடந்தது. அன்றிரவு அந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், வழக்கத்தை விட அதிகமாக நெருப்பு மூட்டியிருந்தார்கள். யானை வெடியும் கையில் தயாராக இருந்தது. நான் பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், அவர்கள் விடிய விடிய முழித்திருந்தார்கள்.

அந்த யானை ஏன் அப்படி நடந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். யானைக்குத் தேனீ இரைச்சல் ஆகாது. கென்யாவில் முதலில் கண்டதை இலங்கையிலும் சோதித்தார்கள். கலைந்த தேனீக்களின் சத்தத்தைப் பதிவு செய்து உடவளவையில் காட்டு யானைகளுக்குப் போட்டுக் காட்டியபோது அவை பின்வாங்கின. அந்த ஆய்வு 2018இல் வெளியானது. சின்ன ட்ரோனின் இரைச்சலைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், தேன்கூடு கலைந்ததுபோலத்தான் இருக்கும். தன்சானியாவில் பயிருக்குள் வந்த யானைகளைத் துரத்துவதற்கென்றே ட்ரோனைப் பயன்படுத்துகிறார்கள். அதாவது நாம் படம் எடுக்கக் கொண்டுபோகும் பொருள் யானைக்குத் துரத்தும் கருவி. எந்தப் பக்கம் துரத்துகிறோம் என்று நமக்கே தெரியாது.

"யானை அசையவே இல்லை, பயப்படவில்லை" என்று சொல்கிறவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவின் மினசோட்டாவில் கறுப்புக் கரடிகளின் உடலில் இதயத்துடிப்பு அளக்கும் கருவியை வைத்து, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த முடிவு இது: பெரும்பாலான கரடிகள் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நின்றன. இதயம் மட்டும் படபடத்தது. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 123 துடிப்பு கூடியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே இந்த வழிக்கு "இப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்தும்" என்று எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நம் மாவட்டங்களில் யானையும் சனமும் ஒரே குளத்துத் தண்ணீரை நம்பி இருக்கிறார்கள்.

வழி மூன்று: படகும் நீண்ட லென்ஸும்

கல்லோயா தேசியப் பூங்கா 1954இல் அறிவிக்கப்பட்டது. 25,900 ஹெக்டேயர். நடுவிலே நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரம். இங்கே படகில் போய் விலங்கு பார்க்கலாம், இலங்கைக் காடுகளில் இது அரிது. இந்த ஒரு காரணத்தால் கல்லோயாவில் ட்ரோன் இல்லாத குறை மற்ற இடங்களை விடக் குறைவு.

இங்கினியாகலவில் அதிகாலையிலேயே ஏற வேண்டும். வெயில் ஏறினால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் கூசும், யானையும் நிழலுக்குப் போய்விடும். யானை தண்ணீரில் இறங்குவதைக் கண்டால் படகுக்காரரிடம் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் கேட்பது தண்ணீர்ச் சத்தம் மட்டும். முதலில் முதுகு மறையும், பிறகு தலை மறையும், கடைசியில் தும்பிக்கை நுனி மட்டும் கறுப்பாகத் தெரியும். ஒவ்வொரு மூச்சுக்கும் அதிலிருந்து சின்னதாகத் தண்ணீர் சீறும். குட்டி இருந்தால் தாயின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வரும். மேலே இருந்து எடுத்தால் இது நான்கு கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். நீர்மட்டத்திலிருந்து எடுத்தால் அந்த மூச்சும் படத்தில் வரும்.

செலவுக் கணக்கு எளிது. நம் நாட்டவருக்கு நுழைவுச்சீட்டு பெரிய தொகை இல்லை, ஆனால் சீட்டில் போட்ட விலையோடு சேவைக் கட்டணமும் வரியும் சேரும். பெரிய செலவு படகுதான். நான்கு பேர் சேர்ந்து போனால் தாங்கலாம். 400 மில்லிமீற்றருக்கு மேல் லென்ஸ் வேண்டும், அதை வாடகைக்கு எடுப்பது நல்லது. ஆடும் படகில் முக்காலி உதவாது. ஒரு சின்னப் பையில் நெல் உமியோ மணலோ நிரப்பி லென்ஸின் கீழே வைத்தால் போதும்.

குமணவிலும் லகுகலவிலும் ஜீப்பும் லென்ஸும்தான். குமணவில் கூட வரும் வழிகாட்டியிடம் முதலிலேயே "அவசரமில்லை, ஒரு இடத்தில் நின்று பார்ப்போம்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சிறுத்தை தேடி ஓடி ஓடியே காலை முடிந்துவிடும்.

விலங்கைப் பார்க்கப் போகும் யாருக்கும் நான் சொல்வது இந்த வழியைத்தான்.

வழி நான்கு: ட்ரோனுக்கு வேறு இடம்

ட்ரோன் வாங்கியாயிற்று, அதைப் பெட்டிக்குள் வைத்திருக்கச் சொல்லவில்லை. மட்டக்களப்புக் களப்பு 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகும் ஓடத்தை மேலிருந்து பார்த்திருக்கிறீர்களா? அதிகாலையில் மீனவர் தோணியில் எழும்பி நின்று வீச்சு வலையை எறியும்போது, அது காற்றில் வட்டமாக விரிந்து தண்ணீரில் பதியும் அந்த ஒரு விநாடி, நேர் மேலே இருந்து எடுத்தால் மட்டுமே முழு வட்டமாகக் கிடைக்கும். ட்ரோன் கண்டுபிடித்ததே இதற்காகத்தானோ என்று தோன்றும். எறிகிறவரிடம் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள், அவருடைய மீன் கலையாத உயரத்தில் நில்லுங்கள்.

இங்கும் விதிகள் உண்டு. ட்ரோன் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தின் மேல் விடக் கூடாது. விமானநிலையத்துக்கு அருகே தனி அனுமதி இல்லாமல் விடக் கூடாது. மட்டக்களப்பு விமானநிலையம் நகரத்தை ஒட்டியே இருப்பதால் கல்லடிப் பாலம், கோட்டை என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் அதிகாரசபையிடம் கேளுங்கள். அம்பாறைப் பக்கம் உகணையிலும் விமானத்தளம் இருக்கிறது. முகாம்களுக்குப் பக்கத்தில் வேண்டாம். கோயில், விகாரை, தொல்பொருள் இடம் என்றால் அந்தந்தப் பொறுப்பாளரின் அனுமதி தனி.

உப்புக்காற்று மோட்டரை அரிக்கும். கடற்கரையில் பறக்கவிட்ட அன்றே ஈரமில்லாத துணியால் துடைத்து வையுங்கள்.

பாத யாத்திரை கேட்ட அக்காவுக்கு

உங்கள் விஷயத்தில் இரண்டு தடையும் சேர்ந்தே வருகின்றன, அக்கா. உகந்தையைத் தாண்டினால் குமண தேசியப் பூங்கா, அதைத் தாண்டினால் யால. காட்டுப்பாதையைக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறந்துவிடுகிறார்கள், அந்த நாட்களில் பாதை முழுக்கச் சனம். பூங்காவின் மேலும் கூடாது, கூட்டத்தின் மேலும் கூடாது. அதோடு, அங்கே யானை வெருண்டால் நடுவில் மாட்டிக்கொள்வது கைக்குழந்தையோடும் ஊன்றுகோலோடும் நடக்கிறவர்கள்.

நீங்களும் கூட நடந்து போங்கள். கும்புக்கன் ஆற்றில் இறங்கிக் குளிக்கும்போது கரையில் சாத்தி வைத்த வேல்கள், வெறுங்காலில் ஒட்டிய மணல், தலையில் மூட்டையோடு "அரோகரா" சொல்லும் அம்மாமார், இவை எல்லாம் கண்மட்டத்தில்தான் இருக்கின்றன. கைக்கு அடக்கமான ஒரு கமராவும் இரண்டு மேலதிகப் பெட்டரியும் போதும், வழியில் மின்சாரம் கிடையாது.

கல்முனைத் தம்பி இப்போது 600 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றை வாடகைக்குத் தேடுகிறார். படகில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கிறதாம்.